முதலில் தோட்டம், பிறகுதான் அரண்மனை

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் பார்க்கிறார்கள். நுழைவுச்சீட்டு, வரிசை, மன்னர் படுத்த கட்டில், மன்னர் உட்கார்ந்த நாற்காலி, சரவிளக்குக்குக் கீழே ஒரு செல்ஃபி, வெளியே வந்ததும் பேருந்து. தோட்டம் என்பது பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் வழியாகிவிடுகிறது. அந்த முறையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே கண்ணில் படாத ஓர் அரண்மனையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஜெர்மனியில், பெர்லினுக்குத் தென்மேற்கே, ஹாஃபெல் ஆற்றங்கரையில் இருக்கிறது பாட்ஸ்டாம் நகரம். அங்கே உள்ள சான்சூசிதான் அந்த அரண்மனை. ‘கவலையின்றி’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்.

என் வாதம் இதுதான். சான்சூசியில் தோட்டம்தான் மூலம். வீடு அதற்குப் பின் வந்தது. ஓவியக்கூடம் அதற்கும் பின். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த இடம் பேசும்.

கதை 1744-இல் தொடங்குகிறது. பாட்ஸ்டாம் நகரத்துக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்று இருந்தது. அதில் நின்ற ஓக் மரங்கள், சதுப்பு நிலத்தில் நகரத்தை விரிவாக்கும் வேலைக்காக முந்தைய மன்னர் காலத்திலேயே வெட்டப்பட்டுவிட்டன. பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக், அந்தக் குன்றின் தெற்குச் சரிவில் திராட்சை பயிரிட வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது அரண்மனை என்ற பேச்சே இல்லை.

திராட்சைக்கு வெயில் வேண்டும். வட ஜெர்மனியில் வெயில் அரிது. ஆகவே குன்றை ஆறு படித்தளங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு தளத்தின் பின்சுவரும் நேராக ஓடாமல் நடுவை நோக்கி உள்வாங்கி வளைந்திருக்கும். காலையிலிருந்து மாலை வரை கிடைக்கிற வெயிலை வாங்கிக்கொள்ளத்தான் அந்த வளைவு. சுவரில் 168 மாடங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு. செங்கல் சுவர் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், கண்ணாடி அதை வெளியே விடாது. அந்த வெதுவெதுப்பில் திராட்சையும் அத்தியும் வளர்ந்தன. கொடிகள் போர்ச்சுகலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்தன. பக்கத்து ரூப்பினிலிருந்தும் வந்தன. பார்வைக்குப் பகட்டாகத் தெரியும் அந்தச் சரிவு, உண்மையில் ஒரு விவசாய ஏற்பாடு. மன்னருக்குப் பழங்கள் மீது தீராத ஆசை. அழகும் அறுவடையும் ஒரே சுவரில் குடியிருந்தன.

மறு ஆண்டுதான் அந்தக் குன்றின் உச்சியில் ஒரு வீடு கட்டும் எண்ணம் வேலையாக மாறியது. 1745 ஏப்ரலில் அடிக்கல். 1747 மே 1-ஆம் தேதி திறப்பு விழா. மன்னரே தம் கையால் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். கட்டடக் கலைஞர் கிநோபெல்ஸ்டார்ஃப் அவருடைய இளமைக்கால நண்பர். அந்த நட்பும் இந்த வீட்டால் கசந்தது. வீட்டுக்கு உயரமான அடித்தளம் வேண்டும், இல்லாவிட்டால் கீழே நின்று பார்ப்பவர்களுக்கு மேல்தளத்தின் விளிம்பு கட்டடத்தை மறைத்துவிடும் என்றார் கலைஞர். மன்னர் மறுத்துவிட்டார். திண்ணையிலிருந்து முற்றத்தில் காலெடுத்து வைப்பது போல, தம் அறையிலிருந்து நேராகத் தோட்டத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1746-இல் கிநோபெல்ஸ்டார்ஃப் அந்தப் பணியிலிருந்து விலக நேர்ந்தது. யான் பௌமன் என்பவர் முடித்துக் கொடுத்தார்.

யார் சொன்னது சரி? இன்றும் நீங்கள் கீழே ஊற்றுத் தொட்டியருகே நின்று அண்ணாந்து பார்த்தால், கட்டடத்தின் அடிப்பகுதி தளத்துக்குப் பின்னால் புதைந்தது போலத்தான் தெரியும். கண்ணை வைத்துச் சொன்னால் கலைஞர் சொன்னது சரி. ஆனால் மேலே ஏறி, அறைக்குள் நின்று, கதவு வழியாக வெளியே பாருங்கள். தரை அப்படியே தொடர்ந்து போய்ச் சரிவில் இறங்கி மரங்களில் கலக்கிறது. வாழ்வதற்கு என்று பார்த்தால் மன்னர் சொன்னதுதான் சரி. தெருவிலிருந்து பார்க்கிறவருக்காக அந்த வீடு கட்டப்படவில்லை. உள்ளேயிருந்து தோட்டத்தைப் பார்க்கிறவருக்காகக் கட்டப்பட்டது.

ஒரே தளம். முக்கிய அறைகள் பன்னிரண்டே. நடுவில் முன்கூடமும் சலவைக்கல் மண்டபமும். கிழக்கே ஐந்து அறைகள் மன்னருக்கு, மேற்கே ஐந்து விருந்தினருக்கு. ஓர் ஐரோப்பியப் பேரரசனின் மாளிகை என்று கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். தோட்டத்தைப் பார்த்த முகப்பில் 36 சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. எல்லாரும் மதுக் கடவுளின் அடியார்கள். ஆணும் பெண்ணுமாக, கொஞ்சம் போதையோடு, சிரித்தபடி. சிற்பி கிளூமே அவர்களை அங்கே நிறுத்தியதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது. அவர்கள் திராட்சைத் தோட்டத்து ஆட்கள். வீட்டின் அலங்காரம்கூடத் தோட்டத்திலிருந்து ஏறி வந்ததுதான்.

உள்ளே இரண்டு அறைகளில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். ஒன்று இசை அறை. ஃபிரெடரிக் புல்லாங்குழல் வாசிப்பவர். குவான்ட்ஸ் அவருடைய ஆசிரியர். இசைக்குப் பெயர்பெற்ற பாக் குடும்பத்து மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஹார்ப்சிகார்ட் வாசித்திருக்கிறார். இன்னொன்று நூலகம். வட்டமான சிறு அறை, சுவரெங்கும் தேவதாரு மரப்பலகை, ஏறத்தாழ 2,100 நூல்கள். பெரும்பாலும் பிரெஞ்சு நூல்கள். ஜெர்மானியரின் மன்னர் படித்ததும் எழுதியதும் பிரெஞ்சில். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை 1750-இல் பாட்ஸ்டாமுக்கு வரவழைத்ததும் அந்த மோகம்தான். மூன்றாண்டில் இருவரும் முறுக்கிக்கொண்டு பிரிந்தார்கள். விருந்தினர் பகுதியில் மஞ்சள் சுவரில் பூக்களும் பறவைகளும் குரங்குகளும் செதுக்கிய ஓர் அறைக்கு இன்றும் ‘வால்டேர் அறை’ என்று பெயர். அவர் அதில் தங்கியதற்குச் சான்று இல்லை.

அந்த வீட்டில் யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசி எலிசபெத் கிறிஸ்டீனுக்கு அங்கே இடமில்லை. அவர் பெர்லினை அடுத்த ஷேன்ஹவுசனில் தனியே வாழ்ந்தார். கவலையும் இல்லாமல் இல்லை. பட்டத்துக்கு வந்த 1740-ஆம் ஆண்டிலேயே சைலீசியாவின் மீது படையெடுத்தவர் ஃபிரெடரிக். சான்சூசிக்கு அடிக்கல் நாட்டிய 1745-இலும் அந்த மண்ணுக்கான போர் நடந்துகொண்டுதான் இருந்தது. 1772-இல் போலந்தைக் கூறு போட்ட மூவரில் ஒருவர். புல்லாங்குழலையும் பீரங்கியையும் ஒரே ஆள் வைத்திருந்தார் என்பதை மறந்துவிட்டு அந்த அறைகளை ரசிப்பது பாதி ரசனை.

இனி கலைச் செல்வத்துக்கு வருகிறேன். 1755-இல், வீட்டுக்குக் கிழக்கே, முன்பு செடிகள் வளர்த்த ஒரு கண்ணாடிக் கொட்டகை இருந்த இடத்தில், ஓவியங்களுக்கென்றே ஒரு கட்டடத்தை எழுப்பச் சொன்னார் மன்னர். பியூரிங் என்ற கலைஞர் வடிவமைத்தார். ஏழாண்டுப் போர் குறுக்கிட்டது. 1764-இல்தான் முழுமை பெற்றது. அருங்காட்சியகமாகவே கட்டப்பட்டு இன்றும் நிற்கும் ஜெர்மானியக் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. வெள்ளையும் மஞ்சளுமாகச் சலவைக்கல் தரை. பொன் பூசிய விதானம். ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த உயரமான சன்னல்கள். எதிர்ச் சுவரில் சட்டத்தோடு சட்டம் உரச, ஒன்றன் மேல் ஒன்றாக ஓவியங்கள். இன்றைய கூடங்களில் ஒரு படத்துக்கு ஒரு சுவர் என்று பழகிய கண்ணுக்கு முதலில் மூச்சு முட்டும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு பார்த்தது இப்படித்தான். ஒரு படத்தைத் தனியே தியானிப்பதைவிட, ரூபென்ஸையும் வான் டைக்கையும் இத்தாலியரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பேசுவதுதான் அன்றைய ரசனை.

அங்கே கூட்டம் கூடும் இடம் கரவாஜ்ஜியோவின் ‘தாமஸின் ஐயம்’. உயிர்த்தெழுந்த இயேசுவின் விலாக் காயத்துக்குள் விரல் விட்டுப் பார்க்கும் சீடர். நெற்றிச் சுருக்கமும் அழுக்கேறிய நகமும் தெரியும் அளவுக்கு நெருக்கம். 1601, 1602 வாக்கில் ரோமில் வரைந்தது. இதை ஃபிரெடரிக் வாங்கினார் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் இறந்து ஒரு தலைமுறை கடந்தபின், 1815-இல் ஜுஸ்டினியானி குடும்பத்தின் 150-க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பாரிஸில் விலைக்கு வாங்கினார் அன்றைய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம். அந்தத் தொகுப்போடு வந்தது இது.

வந்ததைச் சொன்னால் போனதையும் சொல்ல வேண்டும். கொரெஜ்ஜியோவின் ‘லேடாவும் அன்னமும்’ என்ற ஓவியத்தின் வாழ்க்கையைப் பாருங்கள். பிரான்ஸில் அதை வைத்திருந்த ஓர்லியான் கோமகன், படம் ஆபாசமானது என்று கத்தியால் கிழித்து லேடாவின் தலையையே வெட்டி எடுத்துவிட்டார். ஒட்டுப் போட்டுத் தைத்த அந்தப் படத்தை 1755-இல் ஃபிரெடரிக் வாங்கினார். 1806-இல் நெப்போலியனின் ஆட்கள் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அவர் வீழ்ந்தபின் திரும்பி வந்தது. 1830-இல் பெர்லினில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் திறந்தபோது சான்சூசியின் சிறந்த படங்கள் பலவற்றோடு அதுவும் அங்கே குடிபெயர்ந்தது. நூலகச் சன்னலிலிருந்து பார்க்கும்படி மன்னர் தோட்டத்தில் நிறுத்திய ‘வேண்டும் சிறுவன்’ என்ற கிரேக்க வெண்கலச் சிலைக்கும் அதே பயணம்: பாரிஸ், பெர்லின், 1945-க்குப் பின் சோவியத் ஒன்றியம், மறுபடி பெர்லின். சான்சூசியில் இன்று நிற்பது பிரதி. இரண்டாம் உலகப் போரில் ஓவியக்கூடத்தின் படங்களை ரைன்ஸ்பெர்க் மாளிகைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்தபோது பெரும்பகுதி காணவில்லை. சோவியத் ஒன்றியம் 1958-இல் நிறையத் திருப்பித் தந்தது. வராதவை இன்னும் பல.

கலைப்பொருள் நகரும். வாங்கலாம், பறிக்கலாம், ஒளிக்கலாம். மண்ணோடு பிணைந்த குன்றையும் படித்தளத்தையும் யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் தோட்டத்துக்கு வேறு எதிரிகள் உண்டு. அதில் முதலாவது தண்ணீர்.

வெர்சாய் போல ஊற்றுகள் பீறிட வேண்டும் என்பது ஃபிரெடரிக்கின் கனவு. 1748-இல் வேலை தொடங்கியது. காற்றாலையால் ஹாஃபெல் ஆற்றுத் தண்ணீரைத் தூக்கி, அரண்மனைக்கு வடக்கே உள்ள குன்றின் மேல் ஒரு நீர்த்தேக்கத்தில் நிரப்பி, அங்கிருந்து குழாய்கள் வழியே இறக்குவது திட்டம். தேக்கம் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுற்றிப் பழங்கால ரோமானிய இடிபாடுகள் போலப் புதிதாகக் கட்டி வைத்தார்கள். இடிபாடு நன்றாக அமைந்தது, தண்ணீர்தான் வரவில்லை. குழாய்கள் மரத்தைக் குடைந்து செய்தவை. அழுத்தம் ஏறியதும் வெடித்தன. 1754-இல் ஒரு புனித வெள்ளியன்று, தேக்கத்தில் சேர்ந்திருந்த பனிநீரும் மழைநீரும் கொண்டு ஊற்று சற்று நேரம் எழும்பியது. மன்னர் தம் வாழ்நாளில் கண்டது அவ்வளவுதான். ஐரோப்பாவின் பெரும் படைகளை எதிர்த்து நின்றவரால் ஒரு குழாயில் தண்ணீர் வரவழைக்க முடியவில்லை.

அதைச் செய்து முடித்தது நூறாண்டு கழித்து வந்த தொழிற்சாலை யுகம். ஃபிரெடரிக்குக் கொள்ளுப்பேரன் முறையில் வரும் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம், 1842-இல் பெர்லின் தொழிலதிபர் போர்சிக்கின் நீராவி எந்திரத்தைப் பொருத்தினார். 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். பெரிய ஊற்று 38 மீட்டர் உயரம் எழும்பியது. எந்திரம் நின்ற கட்டடத்தை ஹாஃபெல் கரையில் ஒரு மசூதியின் வடிவில் கட்டினார் கட்டடக் கலைஞர் பெர்சியஸ், புகைபோக்கிதான் மினாரா. அந்த எந்திரம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. நீரேற்றுவது மின் பம்பு. சான்சூசிக்குப் போகிறவர்களில் இந்தப் பம்பு வீட்டைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் ஓவியக்கூடத்துக்கு ஈடாக அதையும் பார்க்க வேண்டும். ஊற்றின் அழகு அங்கேதான் உற்பத்தியாகிறது.

தண்ணீர் வந்த அந்த நூற்றாண்டில் பூங்காவின் முகமும் மாறியது. ஃபிரெடரிக் காலத்துத் தோட்டம் கோடு போட்டது போல நேரானது. கிழக்கே ஒபிலிஸ்க் என்ற கூர்நுனித் தூணில் தொடங்கி மேற்கே புதிய அரண்மனை வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே சாலை. அந்தத் தூணில் எகிப்தியச் சித்திர எழுத்துகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் பொருள் கிடையாது, வெறும் அலங்காரம். சாலைக்குத் தெற்கே, பொன் பூசிய பனைமரத் தூண்களோடு ‘சீன வீடு’. சீனாவைக் கண்டிராத சிற்பிகள் செய்த சீனர்கள் தேநீர் அருந்துகிறார்கள், இசைக்கிறார்கள்; முகமெல்லாம் ஐரோப்பிய முகம். புதிய அரண்மனை, ஏழாண்டுப் போர் முடிந்த கையோடு, பிரஷ்யா ஓட்டாண்டியாகிவிடவில்லை என்று ஊருக்குக் காட்ட 1763-இல் தொடங்கி 1769-இல் முடித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட அறைகள். மன்னர் அதில் அதிகம் தங்கவில்லை. அவருக்குப் பன்னிரண்டு அறை வீடே போதுமாக இருந்தது.

1816-இல் பாட்ஸ்டாமுக்கு வந்த பீட்டர் யோசஃப் லென்னே என்ற தோட்டக்கலைஞர் அந்த நேர்கோட்டை வளைவாக்கினார். 1826 முதல், தெற்கே ஷார்லோட்டன்ஹோஃப் என்ற தாழ்ந்த சதுப்பு நிலத்தைக் கையிலெடுத்தார். குளம் தோண்டினார், தோண்டிய மண்ணை மேடாக்கினார். பாதைகளை வளைத்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு காட்சி திறக்கும்படி மரங்களைக் கூட்டியும் விலக்கியும் நட்டார். கட்டடக் கலைஞர் ஷிங்கெல் அங்கே ஒரு சிறு மாளிகை கட்டினார். இயற்கையாகத் தோன்றும் அந்த வெளியில் இயற்கையாக அமைந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எந்த மரம் எழுபது ஆண்டு கழித்து எவ்வளவு உயரம் போகும், எந்தக் கோபுரத்தை மறைக்கும் என்று கணக்கிட்டு நட்டது. தான் பார்க்கவே முடியாத ஒரு படத்தை வரைந்த ஓவியர் லென்னே. அதனால்தான் சான்சூசியின் மிகப் பெரிய கலைப்படைப்பு ஓவியக்கூடத்தில் இல்லை, 290 ஹெக்டேர் பூங்காவாக வெளியே கிடக்கிறது என்கிறேன்.

1918-இல் முடியாட்சி விழுந்தது. 1927-இல் அரண்மனைகளும் தோட்டங்களும் அரசு நிர்வாகத்துக்கு வந்து மக்கள் காண்பதற்குரிய இடங்களாயின. 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் பாட்ஸ்டாம் நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது; சான்சூசி தப்பியது. பிறகு நாற்பதாண்டு கிழக்கு ஜெர்மனி. 1990-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். 1995 முதல் பிரஷ்ய அரண்மனைகள், தோட்டங்களுக்கான ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

இதற்கிடையில் ஃபிரெடரிக்கின் உடலே ஓர் ஓவியம் போல அலைந்தது. 1786 ஆகஸ்ட் 17-இல் சான்சூசியில், தம் சாய்வு நாற்காலியில் இறந்தார். மேல்தளத்தில், தம் நாய்களைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஆடம்பரமின்றிப் புதையுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். வாரிசு கேட்கவில்லை; நகரத்துப் படைத்தளத் தேவாலயத்தில், ஃபிரெடரிக் வெறுத்த தகப்பனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் சவப்பெட்டியை உப்புச் சுரங்கத்தில் ஒளித்தார்கள். பிறகு மார்பர்க், அதன்பின் ஹோகன்சோலர்ன் கோட்டை. 1991 ஆகஸ்ட் 17-இல், இறந்து 205 ஆண்டு கழித்து, கேட்ட இடத்திலேயே கேட்டபடி புதைக்கப்பட்டார். வெறும் ஒரு கல். அதன் மேல் வருகிறவர்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி அவர் இட்ட ஆணையின் நினைவு அது. அந்த ஆணையால் மட்டும் கிழங்கு பரவிவிடவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ஆனாலும் வென்ற போர்களுக்காக அங்கே யாரும் வாளை வைப்பதில்லை, கிழங்கைத்தான் வைக்கிறார்கள்.

இன்று பூங்காவின் எதிரி மறுபடியும் தண்ணீர்தான். இந்த முறை மழை. 2018, 2019 கோடைகளின் வறட்சிக்குப் பின் பழைய பீச் மரங்கள் பல பட்டுப்போகின்றன. விலைக்கு வாங்கி நட்ட கன்றுகளைவிட, அந்த மண்ணிலேயே முளைத்த கன்றுகள் வறட்சியை நன்றாகத் தாங்குமா என்று தோட்டக்காரர்கள் வளர்த்துப் பார்க்கிறார்கள். ஓவியத்தைப் பழுதுபார்த்தால் சில தலைமுறைக்குக் கவலையில்லை. கூரையை மாற்றினால் ஐம்பதாண்டு ஓடும். தோட்டத்தை ஓராண்டு விட்டுவிட்டால் லென்னே போட்ட காட்சிக்கோடு புதரில் மறையும். கவலையின்றி என்று பெயர் வைத்த இடத்தில், கவலைப்படுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருப்பதால்தான் நாம் அதைப் பார்க்க முடிகிறது.

உங்களில் யாராவது பெர்லின் பக்கம் போனால், ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான தூரம்தான். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விரும்பியதைப் பராமரிப்புக்குக் கொடுக்கலாம். அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு உண்டு, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஓவியக்கூடம் குளிர்காலத்தில் மூடியிருக்கும்; ஆகவே மே முதல் அக்டோபருக்குள் போங்கள். சீட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், பின்வாசலை விட்டுவிட்டு, கீழே ஊற்றுத் தொட்டியிலிருந்து படித்தளம் படித்தளமாக ஏறுங்கள். கண்ணாடி மாடங்களை நின்று பாருங்கள். வீட்டைக் கடைசியில் பாருங்கள்.

அங்கே போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த ஊரில் எந்த அரண்மனைக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே தண்ணீர் எப்படி வந்தது? இந்த மரங்களை யார் நட்டார்கள்? இப்போது யார் பராமரிக்கிறார்கள்? மன்னரின் பெயர் பலகையிலேயே எழுதியிருக்கும். இந்த மூன்றுக்கும் விடை கேட்டால்தான் கிடைக்கும். கேளுங்கள்.